பாதை மிதக்கும் ஊரிலிருந்து

கல்லடி, மட்டக்களப்பு,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் போடுகிற உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்து தகரமாகிறது. அம்மா உனக்குத் தனியாக எழுதுவாவாம், எழுதமாட்டா.

நாலு கிழமையாக நீ கேட்கிற படத்தை நான் அனுப்பவில்லை. பொழுதுபடுகிற நேரம் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியை ஃபோனில் எடுத்து அனுப்பச் சொன்னாய். அங்கே இங்கிலாந்தில் செப்டெம்பர் கண்காட்சிக்கு அதை ஏழடியில் கீறப்போகிறேன் என்றாய். மறந்துபோனேன், சார்ஜ் இல்லை, மழைக்குணமாக இருந்தது என்று நான் சொன்னதெல்லாம் பொய். ஆனியில் ஏது மழை! “பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்க, இல்லாட்டி நானே எடுத்து அனுப்புவன்” என்று இன்று காலையில் அம்மா சொல்லிவிட்டா. வட்ஸ்அப்பில் கதைத்தால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். அதுதான் கடதாசி.

நீ பிறக்க முந்தின கதை ஒன்று. நான் பெயர்ப்பலகை போட் எழுதத் தொடங்கின காலத்தில் டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் பின்திரை கீறிக் கொடுத்தேன். பத்தடிக்கு எட்டடி காடாத் துணி. வச்சிரப் பசையைக் காய்ச்சி சீமைச் சுண்ணாம்பு கலந்து இரண்டு தரம் பூசி, அது காய்ந்த பிறகு தூள் வர்ணத்தைப் பசையில் குழைத்து அடிக்க வேண்டும். கை நாறும், மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. முதலாளி ஒரு வெளிநாட்டுக் கலண்டரைத் தந்தார். பனி மூடின மலை, ஊசியிலை மரங்கள், ஒரு நீர்வீழ்ச்சி, அடியில் இரண்டு அன்னம். அப்படியே கீறினேன். நல்லாத்தான் வந்தது. பேசின காசில் பாதிதான் கிடைத்தது, அது வேறு கதை.

அந்த மலைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு இருந்துதான் மட்டக்களப்புச் சனம் எத்தனையோ வருசம் படம் எடுத்தது. சாமத்தியப்பட்ட பிள்ளைகள், முதலாம் பிறந்தநாள், புது மாப்பிள்ளை பொம்பிளை, சவூதிக்குப் போகமுந்திக் குடும்பத்தோடு ஒன்று. இங்கே மலை பார்க்க வேண்டுமென்றால் குடும்பிமலைப் பக்கம் போக வேண்டும், அங்கேயும் வெயில்தான். ஆனால் ஊரில் பாதி வீட்டு அல்பத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. அது என் கைவேலை.

2005 தொடக்கம். சுனாமி வந்து ஒரு மாதம் இருக்கும். முகாமிலிருந்து நாவலடி அம்மா ஒருவர் என் கடைக்கு வந்தா. கையில் உப்புத்தண்ணியில் ஊறி ஓரம் சுருண்ட படம் ஒன்று. இரண்டு பிள்ளைகள், பின்னால் என் மலை. வீட்டில் மிஞ்சினது அது மட்டும்தான். “தம்பி, இந்த மலையை அழிச்சுப்போட்டு எங்கட வீட்டைக் கீறித் தருவீங்களா?” என்று கேட்டா. தருவேன் என்றேன். முற்றத்தில் என்ன மரம் என்று கேட்டேன், சொன்னா. வேலி என்ன வேலி என்று கேட்டேன், கிடுகு வேலி, தெற்கு மூலையில் மட்டும் தகரம் என்றா. வாசலில் நின்றால் கடல் தெரியுமா வாவி தெரியுமா என்று கேட்டேன். முன்வாசலில் கடல், பின்வாசலில் வாவி, காலமையில் கடல் வெளிச்சம் குசினிவரைக்கும் வரும், பின்னேரம் வாவி வெளிச்சம் முன்திண்ணைவரைக்கும் வரும் என்றா.

அந்த இரண்டு வெளிச்சமும் என் கைக்கு வரவில்லை, மகள். அந்த மணலில் நான் எத்தனை தரம் நடந்திருப்பேன், சின்னதில் பந்து விளையாடினதே அங்கேதான். ஆனால் தொழில் என்று பிரஷைப் பிடித்த நாளிலிருந்து நான் பார்த்தது கலண்டரை. மூன்று தரம் கீறிக் கிழித்தேன். நாலாவதைக் கொடுத்தேன். “நல்லா இருக்கு தம்பி” என்றா. எங்கட வீடு என்று சொல்லவில்லை.

இந்தக் கதையை உனக்கு முன்பு சொல்லாததற்கு வெட்கம்தான் காரணம். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் பாலத்திலிருந்து பொழுதுபடுகிற படமும் ஒரு கலண்டர்தான். 2013-ல் புதுப்பாலம் திறந்த பிறகு பின்னேரமானால் அங்கே நிற்கிற சனத்துக்குக் கணக்கில்லை, எல்லார் கையிலும் ஃபோன். அதே செம்மஞ்சள், அதே தோணி. அதை ஏழடிக்குப் பெருப்பித்து அங்குள்ள ஆக்களுக்குக் காட்டினால் கைதட்டுவார்கள். அவர்களுக்கு அது சுவிஸ் மலை.

போன மாதம் நீ யோக்‌ஷயர் சிற்பப் பூங்காவிலிருந்து எடுத்து அனுப்பின வீடியோ என் ஃபோனில் இன்னும் இருக்கிறது. சிற்பி அண்டி கோல்ட்ஸ்வர்தி 2007-ல் செய்தது என்றாய். சிமெந்து இல்லாமல் அடுக்கின கல்மதில், அதில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், உள்ளே பட்ட ஓக் மரம் ஒன்று நிலத்தில் முட்டாமல் சுவருக்குச் சுவர் தொங்குகிறது. ஐந்தாறு தரம் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கமக்காரர் ஆட்டுக்கு வேலி கட்டுகிற அதே கல், அதே கட்டு. மதில் கட்டத் தெரிந்த மேசன்மாரை வைத்தே கட்டினார் என்று நீ சொன்னது எனக்குப் பிடித்தது. இன்னொன்றும் சொன்னாய், மழை தொடங்குகிற நேரம் அந்த மனிதர் நிலத்தில் மல்லாந்து கிடப்பாராம், நனைந்ததும் எழும்பினால் உடம்பளவுக்குக் காய்ந்த நிழல் ஒன்று நிலத்தில் இருக்குமாம். அதைப் படமெடுப்பாராம். நான் சிரித்தேன். மறுகா யோசித்தேன், மாரி தொடங்குகிற அன்று கடைவாசலில் சைக்கிளை எடுத்தால் அடியில் காய்ந்த சைக்கிள் ஒன்று கிடக்கும். நாற்பது வருசமாகப் பார்க்கிறேன். ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

உன் ஊர்க்காரர், ஓவியர் டேவிட் ஹொக்னியையும் எடுத்துக்கொள். 1937-ல் பிரட்போர்டில் பிறந்தவர், 1964-ல் கலிபோர்னியாவுக்குப் போய் என்ன கீறினார்? பிரட்போர்ட் ஆலைப் புகைபோக்கியையா? வீட்டுக்கு வீடு இருந்த நீச்சல் தடாகத்தை. தண்ணிக்குள் வெளிச்சம் நெளிகிறதைப் பிடிப்பதற்கே வருசக்கணக்காகப் பாடுபட்டார். வயது போன பிறகு யோக்‌ஷயருக்குத் திரும்பி வந்துதான் அந்த ஒழுங்கை மரங்களைக் கீறினார், 2007-ல் 50 கன்வஸை ஒட்டி ஒரே படமாக. நின்ற இடத்தைக் கீறியிருக்கிறார், அவ்வளவுதான். நீ நிற்கிறது அங்கே, கீறுவது இங்கே. நடுவில் ஒரு ஃபோன்.

நீ உடனே சனாதனனைத் தூக்கிக்கொண்டு வருவாய், எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்த ஆக்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து கீறச் சொல்லி, அதை வைத்துத் தானும் கீறி 2011-ல் புத்தகமாக்கினார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவான தோம்பின் பேரையே அதற்கு வைத்தார். அந்த ஆக்கள் யாரும் படம் கேட்கவில்லை, பார்த்தாயா? கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எத்தனை எட்டுத் தள்ளி என்று காலுக்குத் தெரிந்திருந்தது. நாவலடி அம்மாவும் அப்படித்தான். தகரம் அடித்தது தெற்கு மூலையில் என்றா, ஒரு நொடிகூட யோசிக்காமல். ஞாபகத்திலிருந்து கீறு, நான் மறிக்கவில்லை. ஆனால் உன் காலில் இருக்கிற ஞாபகத்தைக் கீறு. அது ஏழடி வராது. கொப்பி ஒற்றையே மிச்சம்.

அதற்கு நான் சொல்லுகிற இடம் பாலம் இல்லை, குருமண்வெளித் துறை. மண்டூருக்கு அம்மம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நீ பாதையில் ஏறினதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாய். பலகை நீக்கலுக்குள்ளால் தண்ணி தெரியும், பயம். உங்கள் வகுப்பில் ரிச்சர்ட் லோங் என்று ஒருவரைப் படிப்பித்தார்கள் என்றாயே. 1967-ல், 22 வயதில், ஒரு புல்வெளியில் நேர்கோட்டில் போய் வந்து போய் வந்து புல்லை மிதித்து ஒரு பாதை உண்டாக்கிப் படமெடுத்தவர். அதுதான் அவருடைய படைப்பு, வேறொன்றுமில்லை. உன் அப்பப்பா அறுபது வருசம் வரம்பில் நடந்து வயல் வட்டைக்குக் கீறின கோட்டை எவரும் படமெடுக்கவில்லை என்று நான் அன்று பகிடி விட்டேன். பிறகுதான் உறைத்தது, எங்கள் ஊரில் பாதை என்கிற சொல்லுக்கே வேறு பொருள். ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் போய்வருகிற மிதப்பைத்தான் பாதை என்கிறோம். “பாதை வந்திட்டா?”, “பாதை அந்தக் கரையில நிக்குது” என்கிறோம். வெளியூர்க்காரர் விழிப்பார்கள். லோங்கின் பாதை புல்லில் கிடந்தது, எங்களுடையது கரைக்குக் கரை நகர்ந்துகொண்டிருக்கிறது, பின்னால் விட்ட கோடும் தண்ணியில் அழிந்துபோகும். மண்முனையில் 2014-ல் பாலம் வந்து பாதை ஓய்ந்தது. குருமண்வெளியில் இன்னும் ஓடுகிறது. இதைக் கீற உனக்கு என் ஃபோன் எதற்கு?

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது என்று போன வியாழன் நானே போனேன். முதல் பஸ்ஸில் போய் ஆறு மணிக்குத் துறையில் இருந்தேன். நீ விட்டுப்போன போஸ்டர் வர்ணம், பழைய கலண்டர் மட்டையைப் பின்பக்கம் மூன்று அங்குலத்துக்கு வெட்டின துண்டுகள். படம் கீறவில்லை. போட்காரனுக்குத் தெரிந்தது வர்ணம் சேர்க்கிறது, அதை மட்டும் செய்தேன்.

6.10-க்குத் தண்ணி அரிசி கழுவின நிறம். அதற்கு வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்புப் போதும் என்று நினைத்தேன், பிழை, துளி மஞ்சள் வேண்டும். 8 மணிக்குப் பச்சைப் போத்தல். கச்சான் எழும்பினதும் செதில் செதிலாகக் கறுப்பு. கண்டல் மரக் கண்ணாக்காட்டு அடியில் எந்த நேரமும் பிளேன்டீ. ஒரு துண்டுக்கும் மற்றத் துண்டுக்கும் இடையில் நிறம் மாறிவிடும், நான் காய விட்டுப் பார்க்கிற நேரம் தண்ணி அடுத்த நிறத்துக்குப் போயிருக்கும். பாதைக்காரப் பொடியன் வந்து நின்று பார்த்துவிட்டு, “ஐயா, மாரியில முகத்துவாரம் வெட்டினாப் பிறகு வந்து பாருங்க, இதொண்டும் இரிக்காது” என்றான். சரிதான். வெள்ளம் கடலுக்குப் போய்க் கடல் உள்ளே வந்தால் வாவி வேறு வாவி.

கரையில் ஒரு தில்லை மரம். பழுத்த இலை விழமுந்திச் சிவக்கும் அல்லவா, அந்தச் சிவப்பு எனக்கு வசப்படவில்லை. கிட்டப்போய் ஒரு இலையைப் பிடுங்கப் பார்த்தேன், பொடியன் சத்தம் போட்டான், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று. விழுந்து கிடந்ததைப் பொறுக்கி மட்டையோடு வைத்துப் பார்த்தேன். என் சிவப்பு கோயில் போட் சிவப்பு, பளிச்சென்று நின்றது. இலையின் சிவப்புக்குள் ஒரு பழைய பச்சை கிடக்கிறது. ஏழு தரம் சேர்த்தும் வரவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு இலையிடம் தோற்றுப்போய், பத்து மணி வெயிலில் ஒரு இளநி குடித்துவிட்டு வந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

பதினாலு துண்டுகள் இதோடு வருகிறது. பின்பக்கத்தில் நேரம் எழுதியிருக்கிறேன். எல்லாம் கலண்டர் மட்டை, முன்பக்கத்தில் ஏதாவது மலை தெரிந்தால் கண்டுகொள்ளாதே. துறை மண்ணும் கொஞ்சம் போத்தலில் எடுத்தேன், தபால் கந்தோரில் மண் அனுப்ப ஒண்ணா என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அது மேசையில் இருக்கிறது.

நீ இருக்கிற அறைக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது, வேலி தாண்டி ஆடு வரும் என்று சொன்னாயே. அங்கே இப்போது இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் என்றாய். சாப்பிட்டுவிட்டு அதில் போய் நட. ஒரு கிழமை ஒரே வழியாகப் போய் வா. எத்தனையாவது நாள் புல் படுக்கிறது, அங்கே எதன் நிறம் உன் பிரஷுக்கு வசப்படவில்லை என்று எழுது. பனிப்புல் ஈரம், சப்பாத்து நாசமாகும், பழையதைப் போடு.

இதற்குப் பிறகும் பாலத்துப் படம்தான் வேண்டும் என்றால் அம்மாவிடம் கேள். அவ நேற்றே எடுத்து வைத்திருக்கிறா. செம்மஞ்சளும் தோணியும் எல்லாம் இருக்கிறது, மூலையில் என் தலையும் கொஞ்சம் விழுந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா