செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், போசகர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு கல்லடியில் மாதம் ஒரு படம் என்று தொடங்கிய எமது திரைப்பட வட்டம், இந்த வருடமும் அந்தச் சொல்லைக் காப்பாற்றவில்லை. மாரியில் மண்டபத்து முற்றத்தில் தண்ணீர் நின்றது. படம் காட்ட வாடகைக்கு எடுத்த மல்டிமீடியா புரொஜெக்டர் ஒரு தடவை சூடேறிப் பாதியில் படுத்துவிட்டது. காட்டிய படங்களின் பட்டியல் பொருளாளரின் கணக்கோடு இருக்கிறது, அதை வாசித்து உங்களைத் தூங்கவைக்க விருப்பமில்லை. ஆவணியில் காட்டிய ஒன்றைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைய கூட்டத்துக்கு வந்திருக்கும் தீர்மானம் அதிலிருந்து பிறந்தது.

படம் ‘டூட்சி’, 1982. இயக்கம் சிட்னி பொலாக். டஸ்டின் ஹொஃப்மன் நடித்த மைக்கேல் டோர்சி நியூயோர்க்கில் ஒரு நடிகன். கெட்டிக்காரன், ஆனால் வாய்க்காரன். விளம்பரத்தில் தக்காளியாக நடிக்கப் போன இடத்திலும், தக்காளி எப்படி உட்காரும் என்று சண்டை பிடித்தவன். உனக்கு இனி ஒருவரும் வேலை தரமாட்டார்கள் என்று அவனுடைய முகவர் சொல்கிறார். (அந்த முகவர் பொலாக்கேதான்.) கூட்டாளியின் நாடகத்தை மேடையேற்ற 8,000 டொலர் வேண்டும். சரி, பொய்முடியை வைத்துக்கொண்டு டொரத்தி மைக்கேல்ஸ் என்ற பெண்ணாகப் போய், தொலைக்காட்சித் தொடரொன்றில் ஆஸ்பத்திரி நிர்வாகி வேடத்தைப் பிடித்துவிடுகிறான். அப்புறம் கூட நடிக்கும் ஜூலி மீது அவனுக்குக் காதல். ஜூலியின் தகப்பனுக்கு டொரத்தி மீது காதல்.

ஆங்கிலம் விளங்காதவர்களுக்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தகப்பன் மோதிரத்தை நீட்டிய இடத்தில் அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவுமில்லை.

படம் முடிந்ததும் ஒரு தம்பி, “இது கமலின் ‘ஔவை சண்முகி’யைப் பார்த்து எடுத்தது” என்றார். பதிவுக்காக எழுதுகிறேன்: ‘ஔவை சண்முகி’ வந்தது 1996இல். அது தழுவியதோ 1993இன் ‘மிசிஸ் டவுட்ஃபயர்’ படத்தை. பெயர் மட்டும் நம்முடையது. ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே.சண்முகத்தை நினைவூட்டுவது.

எமது போசகர் இளவயதில் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடியில் பெண் வேடம் ஆடியவர். அவர் சொன்னார்: “நல்லாத்தான் ஆடுறான்கா. ஆனா சனத்த ஏமாத்துறான். நாங்க ஆரையும் ஏமாத்தல்ல.” உண்மைதான். கூத்தாடும் களரியைச் சுற்றி இருக்கிறவர்களுக்குச் சதங்கை கட்டியவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். பகலில் அவனோடு வயலில் நின்றவர்கள், இரவில் அவன் திரௌபதையாக அழும்போது சேர்ந்து அழுகிறார்கள். சிரிப்பைக் கட்டியகாரன் பார்த்துக்கொள்வான். படத்தில் சிரிப்பு வருவதோ, இவன் எப்போது பிடிபடுவான் என்ற பதற்றத்தில்.

நானும் ஒன்று சொன்னேன். ஒப்பனைக்காரர்கள் தன்னைப் பெண்ணாக்கினார்களே தவிர அழகியாக்க முடியவில்லை என்று தெரிந்ததும், ஹொஃப்மன் வீட்டுக்குப் போய் அழுததாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அழகில்லை என்று தான் பேசாமலே விட்ட பெண்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் யோசித்தாராம். போசகர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, “அப்ப அவனும் வேடம் கட்டித்தான் இருக்கான்” என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கூட்டம். பின்வரிசையில் இருந்த பெண் அங்கத்தவர் ஒருவர் எழும்பினார். தொடரின் இயக்குநர் நடிகைகளைக் கண்டபடி கூப்பிடுவதை அந்த டொரத்தி தட்டிக்கேட்கிறாள், எல்லோரும் கைதட்டினீர்கள், அதையே ஒரு நடிகை கேட்டிருந்தால் தட்டுவீர்களா என்று கேட்டார். பத்துப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட இப்படத்துக்குக் கிடைத்த ஒரே ஒஸ்கார், ஜூலியாக நடித்த ஜெசிகா லேங்குக்குத்தான் என்று நான் சமாளித்தேன். “அதுவும் துணை நடிகைக்கு” என்றார். நிர்வாக சபையில் எத்தனை பெண்கள் என்ற அடுத்த கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. தலைவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

படத் தெரிவுக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்ற தீர்மானம் அந்தப் பெண் அங்கத்தவர் முன்மொழிய, போசகர் வழிமொழிய, இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. மொழிபெயர்த்த ஆசிரியைக்கு நன்றி சொல்ல அன்றைய கூட்டறிக்கையில் மறந்தது என்னுடைய பிழை. அது இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறது. சந்தா நிலுவை உள்ளவர்கள் வாக்களிக்கும் முன் பொருளாளரைக் காணவும்.

செயலாளர்