சத்தமில்லாமல் மாற்றிவிடாதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், பேத்தி இந்த வருடம் பத்தாவது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வரலாற்றுப் புத்தகத்தில், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர் பெயரை மாற்றிப் போட்டுவிட்டாய், 500-ல் 320 பிரதி போய்விட்டது, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா என்கிறாய். வேண்டாம் முருகேசா.

நான் பத்திரிகையில் இருந்தபோது நடந்தது இது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலமான செய்தியில் அவருடைய தம்பியின் படத்தைப் போட்டுவிட்டோம். அன்று இரவு டெஸ்கில் இருந்தது நான்தான். காலையில் அந்தத் தம்பியே நேரில் வந்தார். நாலாக மடித்திருந்த பேப்பரை என் மேசைமேல் விரித்து, தன் படத்தின்மேல் விரலை வைத்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார். அண்ணனைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். மறுநாள் ஒன்பதாம் பக்கத்து மூலையில், ‘நேற்று வெளியான செய்தி ஒன்றில் படம் மாறிவிட்டது, வருந்துகிறோம்’ என்று போட்டோம். எந்தச் செய்தி, யார் படம், ஒன்றும் கிடையாது. மறுபடி பெயரைப் போட்டால் விஷயம் பெரிதாகும் என்று மேலே சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அப்புறம் ஒரு வாரம் வரை அந்தத் தம்பி வீட்டுக்கு, அவருக்கே மாலையோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

‘வருந்துகிறோம்’ என்று அச்சடித்துவிட்டால் அது திருத்தம் ஆகாது. என்ன தப்பாக வந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சரியைச் சொல்ல வேண்டும். லண்டன் கார்டியன் பத்திரிகை 1997-ல் இதற்கென்றே வாசகர் ஆசிரியர் ஒருவரை, அதாவது வாசகர்களின் புகாரைக் கேட்டுத் திருத்தம் போடுகிறவரை, வைத்தது, சென்னையில் தி இந்து 2006-ல் கே. நாராயணனை அந்தப் பொறுப்பில் அமர்த்தியது. எழுதியவரிடமே போய் முறையிட்டால் அவர் தன் எழுத்துக்குத்தான் பரிந்து பேசுவார், அதனால் இன்னொருவர் கையில் அந்த வேலை இருப்பது ரொம்பவும் சரி என்று எனக்குப் படுகிறது.

காலம் கடந்துவிட்டதே என்று நீ தயங்குவாய். சாலமன் நார்த்தப் என்ற கறுப்பின மனிதரைக் கடத்திப்போய் அடிமையாக விற்றார்கள், பிளாட் என்று வேறு பெயர் வைத்தே விற்றார்கள். 12 வருடம் கழித்து மீண்டு வந்தார். 1853 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியபோது தலைப்பில் ஒரு மாதிரி, செய்திக்குள் ஒரு மாதிரி, இரண்டு இடத்திலும் பெயரைத் தப்பாகப் போட்டது. அவர் கதை படமாகி ஆஸ்கர் வாங்கிய சமயம் யாரோ அதைக் கவனித்துச் சொல்ல, 2014 மார்ச்சில் அந்தப் பத்திரிகை திருத்தம் போட்டது. 161 வருடம்! பெயரையே பறிகொடுத்தவருக்கு அந்தப் பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்தார்கள், அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

இப்போது இணையத்தில் செய்தி வருவதால் தப்பை நொடியில் மாற்றிவிட முடிகிறது, அதுதான் எனக்குக் கவலை. மதியம் ஒரு பெயர் இருக்கும், சாயங்காலம் வேறு பெயர் இருக்கும், மாற்றினோம் என்று கீழே ஒரு வரி இருக்காது. மதியம் படித்தவர் பழைய தப்பையே வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். உன் 320 பிரதியும் அப்படித்தான், எந்த வீட்டு அலமாரியில் எத்தனை வருடம் இருக்குமோ.

கையில் இருக்கும் 180 பிரதியிலும் பக்க எண், தப்பாக வந்த பெயர், சரியான பெயர் எல்லாம் போட்டு ஒரு சீட்டு ஒட்டு. வாங்கினவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்கு அதே சீட்டைத் தபாலில் அனுப்பு. நூலகத்துக்குக் கொடுத்த பிரதியை மறந்துவிடாதே. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு மட்டும் நீயே நேரில் போ. வாசகத்தை எழுதி அனுப்பினால் நான் மெய்ப்பு பார்த்துத் தருகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்