கற்றது மூன்றாண்டு, காத்திருப்பது எத்தனை ஆண்டு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் சிற்றூர் இளைஞர்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, கைத்தொழில் கற்காததால் அவர்கள் வீணாகிறார்கள் என்கிறது. கற்று முடித்தவர்களும் அல்லவா அங்கே நின்றுகொண்டிருக்கிறார்கள்?

தையலையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் கற்கச் சேரும்போதே கட்டணமும் ஒரு புட்டி மதுவும் தர வேண்டும். தையல் மிஷின், கத்தரி, அளவு நாடா, உட்கார ஸ்டூல் எல்லாம் வீட்டார் பொறுப்பு. பயிற்சி பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்குச் சில்லறை கிடைத்தால் உண்டு. முதல் மாதங்கள் கடை பெருக்குவதிலும் காஜா எடுப்பதிலும் இஸ்திரி போடுவதிலும் போகும். துணி வெட்டுவது கடைசியில்தான். அதில் நியாயம் இருக்கிறது. பல கடைகளில் காகித மாதிரி வைப்பதில்லை, அளவைப் பார்த்துத் துணியிலேயே சாக்பீஸால் கோடு போடுவார்கள். வாடிக்கையாளர் தருவது ஆறு கெஜ மெழுகு அச்சுத் துணி. கழுத்தை ஓர் அங்குலம் கூட்டி வெட்டிவிட்டால் அதே பூப்போட்ட துணி மறுபடி சந்தையில் அகப்படுவது சந்தேகம். வெட்டத் தெரிந்தவர் நாளைக்கு எதிர்க்கடை போடுவார் என்ற கணக்கும் தொழில் கற்றுத்தரும் கடைக்காரர் 'மேடம்' மனதில் இல்லாமலா இருக்கும்!

மூன்றாண்டு முடிந்ததும் வெளியேறிவிட முடியாது. விடைகொடுக்கும் விழா நடக்க வேண்டும்: சாப்பாடு, பானம், புதுத்துணி, தலையில் தூவ வெள்ளைப் பவுடர், சான்றிதழ். செலவு கற்றவருடையது. பணம் சேரும்வரை அதே கடையில் ஊதியமில்லாமல் தைப்பவர்கள் உண்டு. வெளியே வந்தால் கியோஸ்க் என்ற சிறு பெட்டிக்கடை வேண்டும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வேண்டும். அந்த மிஷின் இல்லாதவர் ஒவ்வோர் உடுப்பையும் அடுத்த கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்து ஓரம் அடித்து வர வேண்டும்.

பள்ளி வழியும் இப்படித்தான். 2017 செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளிக் கட்டணத்தை அரசு நீக்கியது நல்ல காரியம். ஆனால் விடுதிக்குப் பெட்டி, மெத்தை, வாளி, தின்பண்டப் பெட்டி வாங்குவது யார்? கடைசித் தேர்வில் கணக்கில் டி7 என்ற தரம் வந்தால் தேர்ச்சிதான். பல்கலைக்கழகத்துக்கோ அதைவிட மேலான சி6 வேண்டும். மீண்டும் தேர்வு, மீண்டும் கட்டணம்.

பிழைப்புக்கு இன்னொரு வழி மோட்டார் சைக்கிள். அதில் கூலிக்கு ஆள் ஏற்றுவதை 2012ஆம் ஆண்டு விதிமுறை தடை செய்தது. ஓட்டம் நிற்கவில்லை. சொந்த வண்டி இல்லாதவர் உரிமையாளருக்கு வாரத் தவணை கட்டி, முடிந்தபின் வண்டியைத் தன்னுடையதாக்கிக் கொள்ளலாம். நடுவில் விபத்தோ காய்ச்சலோ வந்து தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டியதும் போகும்.

தனி அறை எடுத்தால்தான் பெரிய மனிதர் என்ற மதிப்பு. ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர் கேட்பது ஓராண்டு, ஈராண்டு வாடகை. பெண் கேட்டுப் போகும் 'கதவு தட்டும்' சடங்குக்கும் புட்டிகளும் பணமும் வேண்டும்.

வருமானமோ அன்றாடச் சில்லறை. ஒவ்வொரு வாசலிலும் கேட்பது மொத்தத் தொகை. இந்த இடைவெளிக்குத்தான் சூசூ என்ற தினச் சேமிப்பு. வசூல்காரர் தினமும் வந்து வாங்கிப்போய் மாதக் கடைசியில் திருப்பித் தருவார், ஒரு நாள் பணத்தைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு. அவர் ஊரைவிட்டு ஓடிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இன்னொரு பயிற்சி மையம் திறக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். அந்தப் பணத்தில் விடைபெறும் செலவையும் ஓவர்லாக் மிஷினையும் கடனாகத் தரலாம். மூன்றாண்டு முடித்தும் வெளியேற முடியாதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் அவர் விசாரிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி