கஜானாவுக்கு முன்னால் பூட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முப்பதுகளில் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியிலிருந்து நாட்டை மீட்க அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த ‘புதிய ஒப்பந்தம்’ என்ற திட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் அரசு கஜானாவைத் திறந்தது, பெருமந்தம் ஓடிப்போனது என்று மொத்தக் கதையும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கஜானாவைத் திறந்தது பிறகுதான். முதல் வாரத்தில் போட்டது பூட்டு.

1933 மார்ச் 4, சனிக்கிழமை. ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது வேலைக்குத் தயாராக இருந்த அமெரிக்கர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலம் தன் வங்கிகளை மூடியிருந்தது. பீதி மற்ற மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. 1930 தொடங்கி 1933 முடிவதற்குள் அந்த நாட்டில் விழுந்த வங்கிகள் சுமார் 9,000. புதிய அதிபர் திங்கட்கிழமை முதல் நாடு முழுவதும் வங்கிகளை மூடச் சொன்னார். அதற்கு வைத்த பெயர் ‘வங்கி விடுமுறை’. ஏதோ பண்டிகை போல! வியாழக்கிழமை அவசர வங்கிச் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்களுக்குக் கொடுக்க அச்சடித்த பிரதிகள்கூட இல்லை. வாசிக்கக் கேட்டு, நாற்பது நிமிடத்துக்குள் நிறைவேற்றினார்கள். இன்றைக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் நானே எதிர்த்துக் கடிதம் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது, அதனால் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது என்று விளக்கினார். கணக்கைப் பரிசோதித்துத் திறக்கும் வங்கியில் பணத்தைப் போடுவது மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடப் பாதுகாப்பானது என்றார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின. பணம் எடுக்க அல்ல, போட வந்தது கூட்டம். எடுத்துப்போய்ப் பதுக்கியதில் பாதிக்கு மேல் இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. சில ஆயிரம் வங்கிகள் திறக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை நான் நம்பாமல் இருக்க முடியாது. சின்ன அளவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் ஒரு நிதி நிறுவனம் கதவடைத்தது. எங்கள் வங்கிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கே எங்கள் வாசலில் நூறு பேர் நின்றார்கள். மேலாளர் பெட்டகத்திலிருந்த கட்டுகளை எல்லோருக்கும் தெரியும்படி என் மேசைமேல் அடுக்கச் சொன்னார். வரிசையில் பூ விற்கும் அம்மா ஒருவர். தம்பி, எனக்கு வட்டி வேண்டாம், முதலைக் கொடுத்துவிடு என்றார். ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்றைக் கொடுத்தேன்: ஐயாயிரம். மஞ்சள் பையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அப்போதெல்லாம் கட்டுக்கு ஸ்டேப்பிள் பின் அடித்து, சீட்டு ஒட்டி, அதில் எண்ணியவர் சுருக்கொப்பம் போடுவோம். மூன்று வாரம் கழித்து அதே கட்டு திரும்பி வந்தது. ஓரமெல்லாம் அரிசித் தவிடு, பானைக்குள் இருந்திருக்கிறது. பின் அப்படியே இருந்தது, சீட்டில் என் சுருக்கொப்பமும் அப்படியே. விதிப்படி எண்ணித்தான் வாங்கினேன்.

கட்டுரையில் ஒரு பிழையும் இருக்கிறது. வைப்புநிதிக் காப்பீடு, அதாவது வங்கி விழுந்தாலும் போட்ட பணம் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு, ரூஸ்வெல்ட்டின் யோசனை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை விரும்பவில்லை. நல்ல வங்கிகள் கெட்ட வங்கிகளின் பாவத்தைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கவலை. அதற்காக விடாமல் நின்றவர்களில் முக்கியமானவர் பிரதிநிதிகள் சபையின் அலபாமா மாநில உறுப்பினர் ஹென்றி ஸ்டீகல். 1933 ஜூனில் சட்டமாகி, 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை காப்பு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் 5,000 ஆயிற்று. அந்த ஆண்டு முழுவதும் காப்பு பெற்ற வங்கிகளில் விழுந்தவை ஒன்பதுதான். ஒன்பதாயிரம் எங்கே, ஒன்பது எங்கே! 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகுதான் நமக்கும் இந்தப் புத்தி வந்தது. 1962 ஜனவரி 1 முதல் 1,500 ரூபாய் வரை. இப்போது ஐந்து லட்சம். ஒரே வங்கியின் நாலு கிளைகளில் போட்டாலும் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஐந்து லட்சம் என்பதைப் படித்தவர்களுக்குக்கூட நான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

தாராளச் செலவாளி என்ற பிம்பமும் பாதி உண்மைதான். அப்போது அதிபராக இருந்த ஹூவர் அதிகம் செலவழிக்கிறார் என்று தேர்தலில் குற்றம் சாட்டியவர் ரூஸ்வெல்ட். பதவிக்கு வந்த அதே மார்ச்சில் அரசு ஊழியர் சம்பளத்தையும் முன்னாள் படைவீரர்களின் உதவித்தொகையையும் வெட்டினார். அதே மாதக் கடைசியில் இளைஞர்களைக் காடு வளர்க்க அனுப்பும் திட்டத்தையும் தொடங்கினார்: மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்த 25 டாலரில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும். எது பலிக்கும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள் என்பதே சரி. 1937-ல் செலவைக் குறைத்தார்கள். மத்திய வங்கியும் பிடியை இறுக்கியது. வேலையின்மை மறுபடியும் ஏறியது. கட்டுரையில் அந்த ஆண்டே இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. பருத்தி விலை ஏற வேண்டும் என்று 1933-ல் விளைந்த பயிரை உழுது மடக்கச் சொல்லி அரசு பணம் கொடுத்தது. காசோலை போனது நிலக்காரர் பெயருக்கு. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர்களில் பலருக்குப் பங்கும் வரவில்லை, மறு வருடம் உழ நிலமும் இல்லை. 1934-ல் அர்க்கன்சா மாநிலத்தில் கருப்பரும் வெள்ளையருமாகக் குத்தகை விவசாயிகள் ஒரே சங்கத்தில் சேர்ந்தது இந்த வயிற்றெரிச்சலில்தான். 1935 ஆகஸ்டில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் ஓய்வூதியத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் சேர்க்கப்படவில்லை. தெற்கில் கருப்பின உழைப்பாளர்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சொந்தமாகச் சிறு தொழில் செய்தவர்களுக்கும் அதில் இடமில்லை. ஐம்பதுகளில் திருத்தங்கள் வந்த பிறகுதான் இவர்களெல்லாம் மெல்ல உள்ளே வந்தார்கள். எங்கள் பூக்கார அம்மா அன்று அலபாமாவில் இருந்திருந்தால், வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பு கிடைத்திருக்கும், முதுமைக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். காப்பீடு பற்றிய திருத்தத்தை அதில் வெளியிடுங்கள். வாரத்துக்கு உழுதவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்