ஹாஸிலிருந்து டான் ஹில் போகும் நாளுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். மால்ஹமிலிருந்து ஹார்ட்டன், அங்கிருந்து ஹாஸ், மூன்றாம் நாள் ஹாஸிலிருந்து மலைமேல் இருக்கும் டான் ஹில் என்ற பப். முதல் இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக நடந்துவிடுவாய். மூன்றாம் நாளுக்காகத்தான் எழுதுகிறேன். நீ நடக்கும் பென்னைன் வே, இங்கிலாந்தின் நெடுந்தூர நடைபாதை, மொத்தம் 431 கி.மீ. அதில் அந்த 26 கி.மீ.க்கு மட்டும் முன்னாலேயே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். நீ போவது அக்டோபர் நடுவில்.

மலையேறுபவர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கே இன்றைக்கும் போதும். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அன்றைக்கு ஏற்றமெல்லாம் கூட்டினால் 850 மீட்டருக்குக் குறையாது. ஆக ஆறே முக்கால் மணி நேரம். அது காய்ந்த தரையில், களைப்பில்லாத காலுக்கு. மூன்றாம் நாள் கால், முதுகில் ஒன்பது கிலோ, நனைந்த தரை என்றால் அதன் மேல் கால் பங்கு சேர்த்துக்கொள். உட்காருவது, சாப்பிடுவது, வரைபடம் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்றுப் பின்.

இப்போது காலைச் சாப்பாட்டுக்கு வா. பப்களில் பெரும்பாலும் எட்டு மணிக்கோ எட்டரைக்கோதான் காலை உணவு. முட்டை, காளான், பீன்ஸ், டோஸ்ட் என்று நிதானமாகச் சாப்பிட்டு, பில் கட்டி, பூட்ஸ் கட்டி வெளியே வர ஒன்பதரை ஆகும். மேலே என்ன நடந்தாலும் அந்த ஒன்றரை மணி நேரம் திரும்பி வராது. அதனால் முந்தின இரவே பாரில் சொல்லி, காலைச் சாப்பாட்டையும் மதியத்துக்கானதையும் பொட்டலமாக வாங்கிக்கொள். எட்டு மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். ஹாஸில் வென்ஸ்லிடேல் சீஸ் வாங்கி வைத்துக்கொள். சீஸும் கடலை மிட்டாயும் குளிரிலும் சாப்பிடலாம். எல்லாவற்றையும் இடுப்புப் பட்டைப் பையில் வை. பையை இறக்கினால்தான் சாப்பாடு என்றால், மழையில் யாரும் இறக்கமாட்டார்கள், பட்டினியோடு நடப்பார்கள்.

ஹாஸிலிருந்து ஹார்ட்ரா இரண்டரை கி.மீ. அங்கே ஒரு பழைய பப், அதன் பின்னால் முப்பது மீட்டர் அருவி. இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம். அங்கிருந்து இரண்டு கல் சுவருக்கு நடுவே பாதை ஏறும், சுவர் முடிந்ததும் திறந்த மூர், அதாவது மரமில்லாத ஈர மேட்டுவெளி. அங்கே ஏற வேண்டிய குன்று கிரேட் ஷன்னர் ஃபெல், 716 மீட்டர். செங்குத்தே கிடையாது, அதுதான் ஏமாற்றும். உச்சி இதோ என்று தெரியும், போனால் அதற்கு அப்பால் இன்னொரு மேடு. எட்டு கி.மீ. இப்படியே போகும்.

மேலே தரை முழுக்க பீட். பாசியும் புல்லும் மக்கி, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று சேர்ந்த கறுப்பு மண். ஊறிய பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மழை நின்று இரண்டு நாளானாலும் காயாது. அதனால் பல இடங்களில் பழைய பஞ்சாலைகளின் தளக் கற்களைக் கொண்டுவந்து பாதையாகப் போட்டிருக்கிறார்கள். கல்மேல் நடக்கும்வரை வேகம் கிடைக்கும். நனைந்த கல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், காலை அகல வைக்காதே. சில கற்கள் நீருக்குள் அமிழ்ந்திருக்கும், கம்பை ஊன்றிப் பார்த்தால் 'டக்' என்று கேட்கும். கேட்காவிட்டால் அங்கே கல் இல்லை.

கல் இல்லாத இடத்தில் நிறத்தைப் பார். கண்ணைப் பறிக்கும் பச்சைப் பாசி என்றால் கீழே ஆழத் தண்ணீர். வெள்ளைப் பஞ்சுத் தலையோடு ஆடும் புல்லும் ஈரத்தின் அடையாளம்தான். ஊதாவாகவோ பழுப்பாகவோ ஹெதர் புதர் இருந்தால் ஓரளவு கெட்டித் தரை. தொடைவரை இறங்கிவிட்டால் ஒரு காலை மட்டும் உருவப் பார்க்காதே, மற்றது இன்னும் இறங்கும். பையைக் கழற்றிப் பக்கத்தில் போடு, பின்னால் சாய், இரண்டு கம்பையும் படுக்க வைத்து அதன்மேல் பாரத்தைப் போட்டு, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடு.

உச்சியில் கூட்டல் குறி வடிவில் ஒரு கல் சுவர், அதிலேயே நில அளவைத் தூணும் கட்டியிருக்கிறது. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் எதிர்ப்பக்கம் ஒதுங்கலாம். மேகம் இறங்கியிருந்தால் ஆபத்தும் அங்கேதான். நான்கு பக்கமும் ஒரே மாதிரி. சாப்பிட்டு எழுந்து, மூடுபனியில் தவறான பக்கம் கிளம்பி மேற்கே போனால், பல கி.மீ.க்கு ஊர் கிடையாது. உட்காருவதற்கு முன்பே காம்பஸை எடு. பாதை வடகிழக்கே இறங்கி, பிறகு கிழக்கே த்வெய்ட் என்ற சிற்றூருக்குத் திரும்பும். உன் பையின் வாயை அந்தத் திசை பார்த்து வைத்துவிட்டு உட்கார். ஃபோன் வரைபடத்தை மட்டும் நம்பாதே, குளிரில் பேட்டரி சரியும், ஈர விரல் திரையில் வேலை செய்யாது.

ஹாஸில் 12 டிகிரி என்றால் உச்சியில் 9. மணிக்கு 50 கி.மீ. காற்று சேர்ந்தால் உடம்புக்கு அது 4 மாதிரி. காட்டன் சட்டையும் ஜீன்ஸும் கூடவே கூடாது. மழைக்கோட்டை நனைந்த பிறகு அல்ல, கல் சுவர் முடியும் இடத்திலேயே போட்டுக்கொள். பைக்கு உறை போட்டால் காற்று பிடுங்கிக்கொண்டு போகும், பைக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் சாக்கு வைத்து அதற்குள் துணி வை. இரவுக்கான காலுறை அன்று முழுக்க அதற்குள்ளேயே இருக்கட்டும். உன்னோடு வரும் பையன் தடுமாறினால், பேச்சுக் குழறினால், ஜிப்பைப் பிடிக்கவே சிரமப்பட்டால், உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுங்கிக்கொண்டிருந்தவன் துணி மாற்றாமல், சூடேறாமல் நடுக்கம் மட்டும் நின்றால் இன்னும் மோசம், சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மதியம் பியரும் வேண்டாம். குடித்தால் சூடு மாதிரி இருக்கும், உண்மையில் தோல் வழியாகச் சூடு வெளியே போகும்.

த்வெய்ட்டிலிருந்து அடுத்த சிற்றூர் கெல்ட், கிஸ்டன் குன்றின் ஓரமாகக் கல்லும் கரடும். ஐந்து கி.மீ. கூட இல்லை, கணுக்கால் பிசகுவதற்கு ஏற்ற இடம்.

கெல்டில்தான் முடிவெடுக்க வேண்டும். மூன்றரைக்குள் அங்கே இருந்தால் மேலே போ, டான் ஹில்லுக்கு இன்னும் ஆறரை கி.மீ., 200 மீட்டர் ஏற்றம். அந்த நேரத்தில் கால் இருக்கும் நிலைக்கு இரண்டே கால் மணி நேரம். மூன்றரை தாண்டிவிட்டால் ஸ்டோன்ஸ்டேல் மூர் பாதையை விட்டுவிட்டு, மேற்குப் பக்கம் வெஸ்ட் ஸ்டோன்ஸ்டேல் வழியாகப் போகும் தார்ச் சாலையைப் பிடி. அதுவும் டான் ஹில்லுக்கே போகிறது. அழகில்லைதான், ஆனால் இருட்டில் தொலையமாட்டாய். டான் ஹில் பக்கம் பழைய நிலக்கரிக் குழிகள் உண்டு, குறுக்கு வழி என்று எதிலும் இறங்காதே.

நாலரையும் தாண்டி, இருவரில் ஒருவன் நனைந்து நடுங்கினால், கெல்டிலேயே தங்கிவிடு. இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். அறைக்குப் பணம் கட்டியாயிற்று, கிச்சன் மூடுவதற்குள் போய்விடலாம் என்று ஓடுவார்கள். அந்தப் பணம் போகட்டும், நான் தருகிறேன். ஆனால் டான் ஹில்லுக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் காணோம் என்று மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிடுவார்கள். கெல்டில் படுக்கை இருக்குமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு வை.

உண்மையான அவசரத்துக்கு 999, முதலில் போலீஸ் கேள், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ. பேச சிக்னல் போதாத இடத்தில் எஸ்எம்எஸ் போகும், அதற்கு இப்போதே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பதிந்துகொள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

டான் ஹில் 528 மீட்டரில் இருக்கிறது, பிரிட்டனிலேயே உயரத்தில் உள்ள பப். 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் 61 பேர் மூன்று இரவு அங்கேயே அடைபட்டார்கள், உனக்கு ஒரு இரவு போதும். பூட்ஸை வாசலில் கழற்று, உள்ளே காகிதம் திணி, நெருப்புக்கு மிக அருகில் வைத்தால் தோலும் பசையும் விட்டுப்போகும். சாப்பாட்டை பாரில் போய்த்தான் சொல்ல வேண்டும், மேசைக்கு யாரும் வரமாட்டார்கள்.

மறுநாள் ஸ்லைட்ஹோம் மூர். பாதை நெடுக வெள்ளைக் கம்பம் நட்டிருக்கும், நடுவே இடுப்பளவு சேறும் உண்டு. இரவு மழை பெய்திருந்தால் சாலையில் கிழக்கே போய் ஸ்லைட்ஹோம் வண்டித்தடத்தைப் பிடித்துச் சுற்றிப் போ. எப்படி இருக்கிறது என்று பாரில் இருப்பவர்களைக் கேள், வரைபடத்தைவிட அவர்களுக்குத் தெரியும். சிக்னல் இல்லாவிட்டால் அங்கேயே வைஃபை கேட்டு எனக்கு 'வந்துட்டோம்' என்று ஒரு வரி போட்டுவிடு.

அம்மா