துப்பாக்கிக் கடைகளை எண்ணும் முன்: தமிழ்ச் செய்தித் தள ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், இரண்டே நாளில் நம் தளங்களில் ஒரு வரைபடம் வந்துவிடுகிறது. துப்பாக்கிக் கடை அதிகமுள்ள மாநிலம் டெக்சாஸ் என்று தலைப்பு. எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 2.91 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஆள் கூடினால் மளிகைக் கடையும் கூடத்தான் செய்யும். மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். வயோமிங், மொன்டானா, அலாஸ்கா மேலே ஏறிவிடும்.

சரி, வகுத்துவிட்டால் போதுமா? போதாது. பரப்பில் வயோமிங் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மக்களோ 5.77 லட்சம்தான், நம் சேலம் மாநகராட்சியைவிடக் குறைவு. வேட்டை அங்கே குடும்பப் பழக்கம். வேறு மாநிலத்திலிருந்து தருவிக்கும் துப்பாக்கியை, 1968 துப்பாக்கிச் சட்டப்படி, துப்பாக்கித் தொழிலுக்கு உரிமம் பெற்ற உள்ளூர் உரிமக்காரர் கைவழியாகத்தான் வாங்க வேண்டும். அடுத்த ஊருக்கே வெகுநேரம் கார் ஓட்ட வேண்டிய இடத்தில், சின்ன ஊருக்கும் ஒரு உரிமக்காரர் தேவைப்படுகிறார்.

அப்புறம், உரிமம் எல்லாம் கடை இல்லை. உரிமம் தரும் ஏடிஎஃப் என்ற அமெரிக்க அரசு அமைப்பின் பட்டியலைத் திறந்து பாருங்கள். உரிம எண்ணுக்குள்ளேயே கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மூன்று இலக்கமும் வகைக்கு இரண்டு இலக்கமும் இருக்கும். 01 வியாபாரி, 02 அடகுக்கடைக்காரர், 07 துப்பாக்கி தயாரிப்பவர். 03 பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். அந்த உரிமத்தை வைத்து அவர் வியாபாரம் செய்யவே கூடாது. மாநில வாரியான மொத்தத்தில் அவரும் சேர்ந்துவிடுகிறார்.

1990களில் நடந்ததையும் பாருங்கள். 1992இல் நாடு முழுக்க 2.8 லட்சத்துக்கும் மேல் உரிமங்கள். கடையே இல்லாமல், வீட்டுச் சமையலறை மேசையை வைத்தே உரிமம் எடுத்தவர்கள் ஏராளம். 1993இல் மூன்றாண்டுக் கட்டணம் 30 டாலரிலிருந்து 200 ஆனது. மறு வருடம் கைரேகையும் புகைப்படமும் கேட்டார்கள். உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டுத்தான் தொழில் நடக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது. மக்கள் மாறவில்லை, விதிதான் மாறியது. அதனால், உரிம எண்ணிக்கையை வைத்து ஒரு ஊர்க்காரர்களின் குணத்தை அளக்காதீர்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. வயோமிங், மொன்டானா போன்ற இடங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். நம் தலைப்புகளில் தற்கொலை செய்துகொண்ட அவர்கள் வருவதே இல்லை.

அடுத்த முறை படம் போடும்போது 03ஐக் கழித்துவிடுங்கள். மாநிலத்தோடு நிற்காமல் கவுண்டி வாரியாகப் போடுங்கள். பக்கத்திலேயே, கொலை எத்தனை, தற்கொலை எத்தனை என்று பிரித்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்