சரணங்களை வெட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள்.

"ஆராதனையில் இப்போதெல்லாம் அனலே இல்லை" என்ற பேச்சு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. வாலிபப் பிள்ளைகள் டிரம்ஸும் கீபோர்டும் வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகளின் தாகத்தை நான் குறை சொல்லமாட்டேன். வேதத்தில், கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது ராஜா முழுப் பலத்தோடும் ஆடினான். பலகணி வழியாகப் பார்த்து அவனை அவமதித்தவள் அவன் மனைவி மீகாள். அந்தப் பலகணியில் போய் நிற்க எனக்கு மனமில்லை.

ஆனால் அனல் எங்கே அணைகிறது தெரியுமா? கீர்த்தனை பாடும்போது, "நேரம் கருதி ஒன்று, இரண்டு, கடைசிச் சரணம் பாடுவோம்" என்று அறிவிக்கிறார்களே, அங்கேதான். அதே ஆராதனையில் அறிவிப்புகளுக்கு இருபது நிமிடம் போகிறது. அதை யாரும் வெட்டுவதில்லை.

கீர்த்தனை நின்று நிதானமாக உருக்குகிற பாட்டு. பல்லவியில் ஆண்டவரைக் கூப்பிடுகிறோம். ஒரு சரணத்தில் அவர் செய்த நன்மை, இன்னொன்றில் நம் குற்றம், அப்புறம் ஒரு கெஞ்சல். ஒவ்வொரு சரணம் முடிந்தும் அதே பல்லவிக்குத் திரும்பும்போது, வாயில் அதே வார்த்தைதான், உள்ளே கனம் கூடிப்போயிருக்கும். எனக்கெல்லாம் நாலாவது ஐந்தாவது சரணத்தில்தான் நெஞ்சு இளகத் தொடங்கும். இரண்டோடு நிறுத்தினால் அடுப்பு மூட்டிவிட்டு, உலை கொதிக்கும் முன்பே இறக்கின கதைதான்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னர் காலத்து இசைக்கு நடுவே இருந்துகொண்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வடிவத்தை ஆண்டவருக்கென்று எடுத்துக்கொண்டார். நம்மூர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஆழ்வார் பாசுரங்களில் ஊறிய அந்த நாக்கு, தெய்வத்துக்கு முன் உருகுவது எப்படி என்பதை முன்பே அறிந்திருந்தது. 1894இல் வந்த தம் காவியமான இரட்சணிய யாத்திரிகத்தின் நடுநடுவே 'தேவாரம்' என்றே பெயரிட்டுப் பாடல்களை வைத்தார். கதை நின்றுவிடுமே என்று அவர் யோசிக்கவில்லை. பக்தி வைராக்கியத்தை வெளியிலிருந்து கடன் வாங்கும் நிலையில் தமிழ்ச் சபை இல்லை என்பதற்கு இந்த இருவரே போதும்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டாவது வார்த்தையின் தியானம் முடிந்து பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, கீபோர்டு நின்றது, திரையில் ஓடிய வரிகளும் போயின. பல்லவியை எல்லாரும் பாடினோம். சரணம் வந்ததும் கோயிலே அமைதியாகிவிட்டது. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் நிற்காமல் போனது. பனையோலைப் பெட்டி முடைகிற ஒரு பாட்டி. கண்ணை மூடிக்கொண்டு, காய்ப்பு ஏறிய விரல்களால் முன் பெஞ்சின் முதுகில் தாளம் தட்டியபடி ஏழு சரணமும் பாடி முடித்தார். சரணத்துக்குச் சரணம் நாங்கள் பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டோம். என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் அழுதான். பிறகு கேட்டபோது பாட்டி சொன்னார்: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது ஐயா. எங்க அப்பா ராத்திரி ஜெபத்துல பாடுவாங்க, அப்படியே வந்துட்டு."

அன்றைக்குக் கோயிலில் மூண்ட நெருப்பு அவர் வீட்டில் அறுபது வருஷமாக மூட்டி வைத்தது. ஆறு நாளும் வீட்டில் குடும்ப ஜெபம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்ததும் உள்ளம் கொழுந்துவிட வேண்டுமென்றால் எப்படி? எந்த வாத்தியமும் அதைச் செய்யாது. வாத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரம்ஸோடு பாடினாலும் சரி, ஆர்மோனியத்தோடு பாடினாலும் சரி, பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் கண் திரையை விட்டு ஆண்டவர் பக்கம் போகும்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான போன லெந்து காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாரம் ஒரு கீர்த்தனை, எல்லாச் சரணமும் பாடுகிறோம். பேரனுக்கு முதலில் தூக்கம் தூக்கமாக வந்தது. இப்போது நான் வரி மறந்தால் அவன்தான் எடுத்துக் கொடுக்கிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு கீர்த்தனையைக் கடைசிப் பக்கத்தில் ஒரு சரணமும் விடாமல், ராகம் தாளம் குறித்து அச்சிடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் கையில் வைத்துப் பாட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை